இந்த வேலையாவது இருக்கிறதே என்று இருந்துவிடலாமா, டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 42 வயது. ஓர் அலுவலகத்தில் 14 வருடம் கணக்கு எழுதினேன். அதை மூடிவிட்டார்கள். அதன்பின் பத்து மாதம் வேலை இல்லை. இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோகும் அளவுக்கு வீட்டில் முடங்கிக் கிடந்தேன். கடைசியில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் பேக்கிங் வேலை கிடைத்தது. சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. கையில் இருக்கும் ஸ்கேனர் ஒரு பெட்டிக்கு எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு ஷிஃப்ட். இந்த வாரம் இரவு என்றால் அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் காலை. ஓவர்டைம் சேர்த்து வாரத்துக்கு 56 மணி நேரம். பாத்ரூம் கட்டடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. போய்வந்தால் டார்கெட் விழும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். ஆறு மாதத்தில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். உதறினால்தான் சரியாகிறது. போன மாதம் பிரஷர் 152/96. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "டென்ஷனைக் குறைங்க" என்றார். கூட வேலை செய்யும் சின்னப் பெண்களுக்கு ஒன்றும் இல்லை. வீட்டில், "சும்மா இருந்தப்ப எப்படி இருந்தே, இந்த வேலையாவது இருக்கே" என்கிறார்கள். என் உடம்புதான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? விட்டுவிடுவதா, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். "தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. ஒரு மனுஷி தாகத்தை அடக்கிக்கொண்டுதான் அன்றைய கணக்கை முடிக்க முடிகிறது என்றால், கோளாறு அந்த வேலையை அமைத்த விதத்தில் இருக்கிறது. உங்கள் உடம்பு, தன்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. லாயக்கில்லையா என்ற கேள்வியை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

தொழில் சார்ந்த நோய்களைப் பார்க்கிற எங்களுக்கெல்லாம் முன்னோடி என்று இத்தாலியின் பெர்னார்டினோ ராமஸ்ஸினியைச் சொல்வோம். அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஒருவர், மூச்சுவிடக்கூட நேரமில்லாததுபோல அவசர அவசரமாக வேலை செய்துகொண்டிருந்தாராம். ஏன் இப்படிப் பறக்கிறீர்கள், நிதானமாகச் செய்யலாமே என்று கேட்டிருக்கிறார் ராமஸ்ஸினி. நாலு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் நின்றால் கண்ணே போய்விடும் என்று பதில் வந்தது. அந்தக் கண்களைச் சோதித்துப் பார்த்தார். சிவந்து, மங்கிப் போயிருந்தன. தொழிலையும் நோயையும் சேர்த்துப் பார்க்கும் அவருடைய நூல் 1700இல் வெளிவந்தது. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளோடு, "என்ன வேலை செய்கிறீர்கள்" என்பதையும் மருத்துவர் கேட்டாக வேண்டும் என்று அதில் எழுதினார். முன்னூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களுக்கு இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் எழுதியபோது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், இரண்டாவது தொற்று வராமலே போயிருக்கலாம்.

அதிலிருந்தே தொடங்குவோம். சிறுநீர்ப்பையில் நுழைகிற கிருமிகளை உடம்பு வெளியேற்றும் வழிகளில் முக்கியமானது அடிக்கடி அலசிவிடுவதுதான். நீங்கள் தண்ணீரையும் குறைத்து, வருவதையும் அடக்கிவைக்கும்போது, கிருமிகள் பெருக நல்ல அவகாசம் கிடைக்கிறது. அடிக்கடி தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பழக்கமுள்ள பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2018இல் அதன் முடிவு வந்தது. வழக்கமாகக் குடிப்பதோடு தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு, ஒரு வருடத்தில் தொற்று வந்த தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வேறு மருந்து எதுவும் இல்லை, வெறும் தண்ணீர். இனி எரிச்சலோடு குளிர்காய்ச்சலோ, விலாவுக்குக் கீழே முதுகில் வலியோ, வாந்தியோ வந்தால் ஷிஃப்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அது சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்பதற்கான அறிகுறி. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தண்ணீர் குடிக்கத் தொடங்கினால் பாத்ரூம் போக வேண்டும், போனால் டார்கெட் விழும். தெரிகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்குமுன் கை.

உங்கள் வலது கையை இப்போது முகத்துக்கு எதிரே வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மரத்துப்போகிறது என்றீர்கள். எந்தெந்த விரல்? பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்றால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கார்ப்பல் டனல் என்பார்கள். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்பும் ஒரு கெட்டியான பட்டையும் சேர்ந்து ஒரு குறுகிய குகைபோல இருக்கும். விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்கள் அதற்குள் ஓடுகின்றன, அவற்றோடு ஒரு நரம்பும். ஒரே அசைவைப் பலத்தோடு திரும்பத் திரும்பச் செய்யும்போது, அதுவும் மணிக்கட்டை வளைத்தபடி செய்யும்போது, உள்ளே வீக்கம் ஏறி நரம்பை அமுக்குகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிவிடுவதால் ராத்திரியில் அதிகம் தெரியும். விழித்தெழுந்து கையை உதறுகிறீர்களே, தெர்மாமீட்டரை உதறுவதுபோல, அந்த ஒரு விவரம் எங்களுக்குப் பல பரிசோதனைகளைவிட நம்பகமான துப்பு.

இந்த நிலையில் பிடித்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மணிக்கட்டை நேராக வைத்திருக்கிற பட்டை ஒன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும். தூங்கும்போது மட்டும், ஆறு வாரமாவது விடாமல் போடுங்கள். சர்க்கரையும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவை இருந்தாலும் இதே மரப்பு வரும். பெருவிரலின் அடியில் இருக்கும் மேடு தட்டையாகிக்கொண்டே வருகிறதா, பொத்தான் போடுவது கஷ்டமாகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் நரம்புக்குச் சேதம் ஆகிக்கொண்டிருக்கிறது. தாமதிக்காமல் நரம்புப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த மேடு வற்றிப்போன பிறகு ஆபரேஷன் செய்தாலும் முழு பலம் திரும்புவது கடினம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களிடம்தான் அதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ராத்திரி பட்டையைப் போட்டுக்கொண்டு பகலில் அதே மேஜையில் நின்றால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஒரு பேக்கிங் வரிசையில் ஒரு பெண்ணின் பின்னால் இருபது நிமிடம் நின்று பார்த்தது நினைவுக்கு வருகிறது. மேஜை அவர் முழங்கைக்கு மேலே இருந்தது. பெட்டியை மூடி டேப்பை இழுக்க ஒவ்வொரு முறையும் தோளைத் தூக்கி, மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்து, கடைசியில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். டேப் அறுக்கும் பல் மழுங்கிப்போயிருந்தது. ஒரே இழுப்பில் அறுவதற்குப் பதிலாக மூன்று இழுப்பு. ஒரு ஷிஃப்டில் எத்தனை பெட்டி என்று பெருக்கிப் பாருங்கள். கடைசியில் அங்கே செய்தது இவ்வளவுதான்: காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை மேடை, டேப் கருவிக்குப் புதுப் பல், மணிக்கொரு முறை லேபிள் ஒட்டும் வேலைக்கும் டேப் போடும் வேலைக்கும் ஆள் மாற்றிக்கொள்வது. அந்தக் கைக்கு ஓய்வு கிடைத்தது. நாளை வேலைக்குப் போனதும் உங்கள் மேஜை முழங்கைக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, டேப் எத்தனை இழுப்பில் அறுகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள்.

சின்னப் பெண்களுக்கு ஒன்றும் இல்லையே என்றீர்கள். இந்த ஒப்பீடு எத்தனையோ பேரைத் தங்கள் மேலேயே பழி போட்டுக்கொள்ள வைத்திருக்கிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எந்த வேலையிடத்திலும் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே. முடியாதவர்கள் ஏற்கனவே போய்விட்டார்கள். அதனால்தான் கடுமையான வேலை செய்கிற கூட்டம்கூட மேலோட்டமாகப் பார்த்தால் ஆரோக்கியமாகத் தெரியும். ஆய்வாளர்கள் தங்கள் கணக்கு இதனால் தப்பாகிவிடக் கூடாது என்று தனியாகக் கவனம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சேர்ந்தபோது கூடச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இருக்கிறவர்களிலும் எத்தனை பேர் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பாருங்கள். ஒன்றும் இல்லாதவர்களும் இருப்பார்கள், வாய்விட்டுச் சொல்லாதவர்களும் இருப்பார்கள்.

இனி பிரஷர். ஒருமுறை அளந்ததை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலே அளவு கூடுதலாகக் காட்டும். நீங்கள் ஷிஃப்ட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அதற்கும் வாய்ப்பு உண்டு. கையில் கட்டுகிற கருவி ஒன்றை இரவல் வாங்கியாவது ஒரு வாரம் வீட்டில் பாருங்கள். பாத்ரூம் போய்விட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, தூங்கி எழுந்ததும் இரண்டு தடவை, படுக்கப்போகும்முன் இரண்டு தடவை. வேலை நாளையும் விடுமுறை நாளையும் தனித்தனியே குறியுங்கள். முடிந்தால் வேலையின் இடைவேளையில் ஒரு தடவை. மருத்துவமனையில் சரியாக இருந்து, வேலையிடத்தில் மட்டும் ஏறுகிற பிரஷர் உண்டு. வீட்டுச் சராசரி 135/85ஐத் தாண்டினால் அதுவே அதிகம். இதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

அந்த மாத்திரையைப் பற்றி இரண்டு சந்தேகம் எனக்கு. ஒன்று, கை வலிக்கு வேறு மாத்திரை போடுகிறீர்களா? டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். தண்ணீர் குடிக்காத உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் கை வலியோடு 56 மணி நேரம் வேலை செய்கிறவர்கள் பையில் ஓர் அட்டை இருப்பது வழக்கம். இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, உங்களுக்கு எழுதிக் கொடுத்தது சிறுநீரை அதிகம் போக வைக்கும் வகையாக இருந்தால், வேலை நாளில் அதை விழுங்காமல் விடத் தோன்றும். அது உங்கள் தவறு இல்லை, சூழ்நிலைக்குப் பொருந்தாத மருந்து. "எனக்கு வேலையில் பாத்ரூம் போக முடியாது, வேறு வகை இருக்கிறதா" என்று கேளுங்கள். இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது மாத்திரையை எந்த நேரத்துக்குப் போடுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டென்ஷனைக் குறைங்க என்றார்களாம். அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெளியே காத்திருக்கிற கூட்டத்தை அவர் பார்க்க வேண்டும். ஆனால் டென்ஷன் உங்கள் மண்டைக்குள் மட்டும் இருக்கிற சாமான் போலவும், நீங்கள் நினைத்தால் எடுத்து வெளியே வைத்துவிடலாம் என்பது போலவும் அது ஒலிக்கிறது. பிரிட்டனில் 1967இல் தொடங்கி அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் அதன் முடிவுகளை உலகறியச் செய்தார். எல்லோருக்கும் நிலையான வேலை, நாற்காலி, கூரை. ரசாயனம் இல்லை, மூட்டை இல்லை. அப்படியிருந்தும் கடைசிப் படியில் இருந்தவர்கள் இதய நோயால் இறந்தது, மேல் படியில் இருந்தவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை, கொழுப்பு, பிரஷர் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் பாதிக்கு மேல் கணக்கு மிஞ்சியது. பிறகு 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு விடை துலங்கியது: தன் வேலையை எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதில் தனக்குச் சொல் இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. வேலைப்பளுவும் அதிகம், அதன் மேல் பிடிமானமும் இல்லை என்கிற சேர்க்கைதான் மிக மோசம் என்று அமெரிக்காவின் ராபர்ட் கராசெக் 1979இலேயே எழுதியிருந்தார்.

உங்கள் ஸ்கேனரை நினைத்துப் பாருங்கள். நொடியை அது எண்ணுகிறது, நீங்கள் எண்ணவில்லை. 14 வருடம் கணக்கு எழுதினீர்களே, மாதக் கடைசியில் அங்கேயும் தலைக்கு மேல் வேலை இருந்திருக்கும். ஆனால் எந்தக் கட்டை முதலில் எடுப்பது, எப்போது எழுந்துபோய் முகம் கழுவுவது என்பது உங்கள் கையில் இருந்தது. அந்தச் சின்ன அதிகாரம் போனதைத்தான் உடம்பு பிரஷராகச் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். நீங்கள் 56இல் இருக்கிறீர்கள். இதைப் படித்து இன்றிரவே ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படாதீர்கள். வருடக்கணக்கில் நீளும்போது சேர்கிற அபாயம் இது. ஆனால் பிரஷர் ஏற்கனவே ஏறியிருக்கிற ஒருவர் எதை முதலில் வெட்ட வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஓவர்டைமை என்பேன். பணம் குறையும் என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

ஷிஃப்ட் சுற்றுகிற வரிசையிலும் ஒரு கோளாறு இருக்கிறது, நிர்வாகத்துக்குச் செலவில்லாமல் திருத்தக்கூடியது. இரவு, மாலை, காலை என்று உங்களுக்குப் பின்னோக்கிச் சுற்றுகிறது. நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தின் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதனால் தாமதமாகத் தூங்கப் பழகுவது எளிது, முன்கூட்டியே தூங்கப் பழகுவது கஷ்டம். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு ஓரளவு கூடவே வரும். இப்போது உங்களுக்கு நடப்பது, ஒவ்வொரு வாரமும் கடிகாரத்தை எதிர்த்திசையில் முறுக்குவது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல ஆகிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதல் இரவு ஷிஃப்ட் முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்களானால், அன்றைக்கு மட்டுமாவது வேறு யாராவது ஓட்டட்டும். முதல் இரவுக்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். வீடு வந்ததும் வேலைகளைத் தொடாமல் படுத்துவிடுங்கள், ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி. நீங்கள் தூங்கும் நேரம் வீட்டில் மற்றவர்களுக்கு நடுராத்திரி என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பகலில் தூங்குகிற பெண்ணை எழுப்புவது யாருக்கும் தப்பாகத் தோன்றுவதில்லை, அதனால் இதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும்.

இப்போது வீட்டில் சொல்கிற அந்த வார்த்தைக்கு வருகிறேன்: "இந்த வேலையாவது இருக்கே". அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை, அதை மறுக்க மாட்டேன். 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியன்டால் என்ற ஊரே நம்பியிருந்த நெசவாலை மூடப்பட்டது. மரி யஹோடாவும் அவருடைய சகாக்களும் அங்கே போய், வேலை போன மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தார்கள். தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூடக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்டும், எல்லோரிடமும் நேரம் இருந்தும், புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. சம்பளம் போவதோடு நாளின் வடிவமே போய்விடுகிறது, நாலு பேரைப் பார்ப்பது போகிறது, நான் ஒன்றுக்கு உதவுகிறேன் என்ற நினைப்பு போகிறது. என்ன கிழமை என்பதே மறந்துபோனது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த ஊர்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பத்து மாதம் சோம்பலில் போனது இல்லை, சகோதரி. அதுவும் ஓர் உடல்நலக் கேடுதான். அதிலிருந்து வெளியே வர உங்களுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

மறுபாதியை வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 7,000க்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. வேலை இல்லாமல் இருந்து நல்ல வேலைக்குப் போனவர்களின் மனநலம் தேறியது. பளு அதிகம், பிடிமானம் இல்லை, நிச்சயமும் இல்லை என்கிற மோசமான வேலைக்குப் போனவர்களின் மனநலமோ, வேலையே கிடைக்காமல் இருந்தவர்களைவிடவும் சரிந்தது. பிரிட்டனில் 2009-10இல் வேலை இல்லாமல் இருந்த 1,000க்கும் மேற்பட்டவர்களைப் பிறகு ரத்தப் பரிசோதனை, பிரஷர் எல்லாம் வைத்துப் பார்த்தபோதும் இதே பக்கம்தான் தராசு சாய்ந்தது: தரமில்லாத வேலைக்குப் போனவர்களின் உடம்பில், வேலை இல்லாமலே இருந்தவர்களைவிட நாள்பட்ட அழுத்தத்தின் தடயங்கள் அதிகம். ஆக, வேலை என்பது மாத்திரை மாதிரி, விழுங்கினாலே குணமாகிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதை வைத்து நாளையே ராஜினாமா எழுதிவிடாதீர்கள். அந்தப் பத்து மாதத்துக்குள் உங்களைத் திரும்ப அனுப்ப எனக்கு விருப்பமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவும் சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கேடு செய்வது வேலை மொத்தமும் இல்லை. அதில் நாலு குறிப்பிட்ட விஷயங்கள், பாத்ரூமுக்குப் போகிற நேரத்தையும் டார்கெட்டில் எண்ணுவது, மேஜையும் டேப்பும், பின்னோக்கிச் சுற்றுகிற ஷிஃப்ட், ஓவர்டைம். நாலையும் தனித்தனியாகக் கேட்கலாம். முதல் மூன்றும் கொடுக்கக்கூடியவை, அவற்றில் எதுவும் கிடங்கைத் திவாலாக்காது.

எப்படிக் கேட்பது? முதலில் இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். தேதி, ஷிஃப்ட், எத்தனை முறை தண்ணீர், எத்தனை முறை பாத்ரூம், ராத்திரி கை மரத்ததா, பிரஷர். அதை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். சான்றிதழில் "லைட் வேலை கொடுக்கவும்" என்று எழுதி வாங்காதீர்கள். அப்படி ஒரு வேலை எங்கும் இல்லை; சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, இவருக்கு இங்கே இடமில்லை என்று முடிவு கட்டிவிடுவார். என்ன கூடாது, எவ்வளவு நேரம் கூடாது, எத்தனை வாரத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள். டேப் போடும் வேலையைத் தொடர்ந்து அரை மணிக்கு மேல் செய்யக் கூடாது, எட்டு வாரத்துக்கு ஓவர்டைம் கூடாது, தேவைப்படும்போது பாத்ரூம் போக அனுமதிக்க வேண்டும், இந்த மாதிரி. நோயின் பெயரை எழுதத் தேவையில்லை, அது உங்கள் சொந்த விஷயம்.

தனியாகப் போகாதீர்கள். ஒருவர் கேட்டால் அது "அந்த அம்மாவுக்கு முடியலை". நாலு பேர் சேர்ந்து கேட்டால் அது பாத்ரூம் தூரமாக இருக்கிறது என்கிற பிரச்சினை. தொழிற்சங்கமோ பாதுகாப்புக் குழுவோ இருந்தால் அவர்கள் மூலம் போங்கள், இல்லையென்றால் உங்கள் வரிசையில் இருக்கிறவர்களோடு போங்கள். எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கெஞ்சுகிற தொனி வேண்டாம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இலேயே தன் முதல் உடன்படிக்கையாக எழுதிவைத்தது. பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலையிடம் என்பதைத் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக 2022இல் சேர்த்திருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் இதில் எதைச் சொல்கிறது என்பதைத் தொழிலாளர் துறையில் விசாரித்துக்கொண்டு போனால் இன்னும் பலம்.

பதிலுக்கு அவர்கள் மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று ஒரு வகுப்பு வைக்கக்கூடும். போய் உட்காருங்கள், மூச்சுப் பயிற்சி தீங்கில்லாதது. ஆனால் அதை மேஜைக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். எங்கள் துறையில் ஒரு வரிசை உண்டு: ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்று முதலில் பார், முடியாவிட்டால் கருவியை மாற்று, பிறகு வேலை முறையை மாற்று, எல்லாம் முடிந்த பிறகுதான் தொழிலாளியைத் தாங்கிக்கொள்ளச் சொல். நடைமுறையில் பல இடங்களில் கடைசிப் படியிலிருந்தே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

எட்டு வாரம் என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் பழைய கணக்கு வேலைக்கு மனுப் போடுவதை நிறுத்த வேண்டாம். கையில் ஒரு வேலையோடு இன்னொரு வேலை தேடும்போது பேச்சில் ஒரு தைரியம் வரும். எட்டு வாரத்தில் நாலில் இரண்டாவது மாறி, மரப்பும் பிரஷரும் இறங்கினால் தொடரலாம். ஒன்றுமே மாறாவிட்டால், பாத்ரூம் போனதற்கு உங்களைத் தண்டித்தால், பெருவிரல் மேடு வற்றத் தொடங்கினால், அல்லது மாத்திரை போட்டும் பிரஷர் 160க்கு மேலேயே நின்றால், அந்த வேலையை விடுவது உடம்புக்குச் செய்யும் சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளுங்கள். விடும் முன் வீட்டில் வரவுசெலவைப் போட்டுப் பார்த்து, நாளுக்கு ஒரு வடிவத்தையும் யோசித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுவது, எங்கே போவது, யாரைப் பார்ப்பது. முந்தைய பத்து மாதத்தில் உங்களைச் சாய்த்தது அது இல்லாமல் போனதுதான். ஒருவேளை நெஞ்சை அமுக்குகிற வலி, ஒரு பக்கம் கை கால் செயலிழப்பது, பேச்சுக் குழறுவது, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, இவற்றில் எது வந்தாலும் கெடுவெல்லாம் இல்லை. வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இன்னொரு உதவி கேட்கிறேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "இந்த வேலையாவது இருக்கே" என்று சொன்னவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நோட்டை அவர் கையில் கொடுத்து, அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் என்ற கட்டத்தில் ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று இரண்டு வாரத்துக்கு அவர் வாசித்து முடிக்கட்டும்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். ஷிஃப்ட் வரிசை மாறியதா, காலுக்குக் கீழே பலகை வந்ததா, எத்தனை இழுப்பில் டேப் அறுகிறது என்று. சுண்டுவிரல் மரக்கிறதா இல்லையா என்பதையும் மறக்காமல் பார்த்து எழுதுங்கள். அது மட்டும் தெரியாமல் இருக்கிறது எனக்கு.